பெர்பெக்ட் புளூவை வாசிகசாலையில் போடலாமா? கொலை செய்தது யார் என்பதிலும் குழப்பம்

வடலி:

வணக்கம். கொக்குவில் பக்கம் எங்கள் வாசிகசாலை மேல்மாடியில் மாதக் கடைசி ஞாயிறு படம் போட்டுக் கதைக்கிறோம் என்பது இங்கே சிலருக்குத் தெரியும். இதுவரை ஈரானியப் படம், பழைய மலையாளப் படம் என்றுதான் போனது. ஏ.எல். முடித்த பெடியள் சிலர் "அனிமே போடுங்கோ அக்கா" என்று விடாமல் நின்றதால், சரி என்று தேடப்போய் ஜப்பான் இயக்குநர் சதோஷி கோன் 1997இல் எடுத்த பெர்பெக்ட் புளூ என்ற அனிமேஷன் படம் கையில் கிடைத்தது. 81 நிமிடப் படம்தானே, படுக்கமுன் பார்த்து முடிப்போம் என்று போட்டேன். பிறகு எங்கே படுக்கிறது.

இனி கதை உடைபடும், பார்க்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளுங்கள். சாம் என்று மூன்று பெண்கள் ஆடிப்பாடும் ஒரு சின்னக் குழு. அதில் ஒருத்தி மிமா. ஏஜென்சிக்காரர் சொல்ல, பாட்டை விட்டுவிட்டு ரீவி நாடகத்தில் நடிக்கப் போகிறாள். அன்றிலிருந்து அவளைத் துரோகி என்று திட்டி பாக்ஸ் வருகிறது, வெடிக்கும் கடிதம் வருகிறது, அவள் பெயரில் யாரோ இணையத்தில் நாட்குறிப்பு எழுதுகிறார்கள். அப்புறம் அவளை ஒரு கேவலமான வன்புணர்வுக் காட்சியில் நடிக்க வைத்த திரைக்கதைக்காரர், அவளை உடையில்லாமல் படம் எடுத்த போட்டோக்காரர் என்று ஒவ்வொருவராகச் செத்துப்போகிறார்கள்.

என் சந்தேகங்கள். முதலாவது, கொலைகளை உண்மையில் செய்தது யார்? மனேஜர் ருமியா, அந்த மீ-மேனியா என்கிற பைத்தியக்கார ரசிகனா, இல்லை மிமாவேயா? அடுத்தது, ஜப்பான்காரர்கள் ஏன் இந்தப் புகழ் விஷயத்தைக் கையில் எடுத்தால் இவ்வளவு இருட்டாகவே எடுக்கிறார்கள்? அங்கே உண்மையாகவே நிலைமை அப்படியா, அல்லது த்ரில்லருக்காக ஊதிப் பெருப்பித்ததா? கடைசியாக முக்கியமான கேள்வி: அந்த நடிப்புக் காட்சியை வைத்துக்கொண்டு இதை நம் சனத்துக்கு முன்னால் போடலாமா? வருகிறவர்கள் எல்லோரும் 18 தாண்டியவர்கள்தான், ஆனால் தலைவர் ஐயாவும் முன்வரிசையில் இருப்பார்.

கறிவேப்பிலை:

கார்ட்டூன்தானே என்று தலைவர் ஐயா பேரப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வருவார், அதை முதலில் யோசியுங்கள்.

பண்ணைப்பாலம்:

தங்கச்சி, நல்ல கேள்விதான், ஆனால் முதலாவதுக்கு ஒரே வரியில் பதில் சொன்னால் படத்துக்கே அநியாயம். ருமிதான் அந்த "மிமாவின் அறை" இணையப் பக்கத்தை நடத்துகிறாள், மிமா என்ற பெயரிலேயே அந்த ரசிகனுக்கு மின்னஞ்சல் போட்டு அவனை ஏவிவிடுகிறாள், கடைசியில் மிமாவின் பழைய மேடை உடையைப் போட்டுக்கொண்டு அவளையே கொல்லத் துரத்துகிறாள். இவ்வளவும் தெளிவு. போட்டோக்காரரைக் குத்துகிற இடத்தில் கத்தி பிடித்திருப்பது யார் என்பதைத்தான் படம் வாய்விட்டுச் சொல்லாமல் விடுகிறது. நாங்கள் பார்ப்பது மிமாவின் முகம். அடுத்த நிமிடம் அவள் கட்டிலில் விழிக்கிறாள். அலுமாரியைத் திறந்தால் இரத்தம் பட்ட உடுப்பு. ருமி தன்னை மிமா என்றே நம்புகிறவள் என்பதால் அந்த முகம் ருமி கண்ணாடியில் காண்கிற முகமாகவும் இருக்கலாம். நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன், ஆனால் இதில் சண்டை பிடிக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

இந்தக் குழப்பத்தை இவ்வளவு சுத்தமாகச் செய்ய முடிந்ததே அது வரைந்த படம் என்பதால்தான். நடிகர்களை வைத்து எடுக்கிற படத்தில் கனவு வந்தால் வெளிச்சம் மாறும், புகை வரும், ஏதோ ஒன்று காட்டிக்கொடுக்கும். இங்கே நிஜம், கனவு, நாடகத்துக்குள் நாடகம் எல்லாம் ஒரே கோடு, ஒரே நிறம். அவள் ஒரு வரி பேசுகிறாள், கமரா பின்னால் போகிறது, பார்த்தால் அது படப்பிடிப்பு. இயக்குநர் "கட்" சொல்கிறார். அடுத்த வெட்டில் அவள் தன் அறையில். இரண்டாம் பாதியில் அவள் திரும்பத் திரும்ப அதே கட்டிலில் விழித்தெழும்போது எது விழிப்பு என்று அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அந்த ரீவி நாடகத்தில் (டபுள் பைண்ட் என்று பெயர்) அவளுக்கு முதலில் கிடைப்பது ஒரேயொரு வசனம்: "நீங்கள் யார்?" அந்தச் சின்ன வசனத்தை அவள் ஒத்திகை பார்த்துப் பார்த்து, படம் போகப்போக அதே கேள்வி அவளிடமே திரும்பி வருவதைக் கவனியுங்கள்.

என்னை உலுக்கியது இரத்தமில்லை, அந்த இணைய நாட்குறிப்புத்தான். மிமாவுக்குக் கணினியே புதிது. ருமிதான் பக்கத்தில் இருந்து, பிரவுசர் என்றால் இது, முகவரியை இங்கே அடி என்று சொல்லிக்கொடுக்கிறாள். மிமா அந்தப் பக்கத்தைத் திறந்து முதலில் சிரிக்கிறாள். ரயிலால் இறங்கும்போது எந்தக் காலை முதலில் வைப்பாள் என்பதுகூட எழுதியிருக்கிறதே என்று. வாசிக்க வாசிக்கச் சிரிப்பு போய்விடுகிறது. அன்று கடையில் வாங்கிய சாமான் கூடச் சரியாக இருக்கிறது. பிறகு பார்த்தால், அவளுக்கே சொல்லத் துணிவில்லாத விஷயங்களும், எனக்கு நடிக்க விருப்பமில்லை, என்னை வற்புறுத்துகிறார்கள் என்றெல்லாம் அங்கே வருகின்றன. தான் இன்று என்ன செய்தேன் என்று அறிய அவளே அந்தப் பக்கத்தைப் பார்க்கிற நிலை வருகிறதே, அதுதான் படம். முகநூல் வருவதற்கு எத்தனையோ வருடம் முதல் எடுத்தது இது.

இன்னொரு துணுக்கு. யோஷிகசு தகேயுச்சி எழுதிய நாவல் ஒன்றிலிருந்து வந்த கதை இது. முதலில் நடிகர்களை வைத்து எடுக்கத்தான் திட்டம் இருந்தது. 1995 ஜனவரியில் கோபே நிலநடுக்கத்தில் தயாரிப்புக்காரரின் ஸ்டூடியோ அடிபட்டு, பணம் குறைந்து, வீடியோவுக்கான அனிமேஷனாகச் சுருங்கி, பிறகு தியேட்டருக்குப் போனது. கோனுக்கு அதுதான் முதல் படம். ஐடல் (ரசிகர்களுக்காகவே ஏஜென்சி உருவாக்கிவிடுகிற இளம் பாட்டு நட்சத்திரம்), திகில், ரசிகன் இந்த மூன்றும் இருந்தால் போதும், மற்றதை மாற்றலாம் என்று விட்டார்களாம், அவர் மாற்றியும்விட்டார்.

நிலாவரை:

பண்ணைப்பாலம் அண்ணை சொன்னதில் பாதிக்கு ஒத்துப்போகிறேன். மீதிப் பாதிக்குக் கொஞ்சம் எதிர்ப்பு.

இந்தப் படத்தைப் பற்றி எங்கே கதைத்தாலும் "பைத்தியக்கார ரசிகன், பைத்தியக்கார மனேஜர்" என்று இரண்டு மனநோயாளிகளின் தலையில் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போய்விடுகிறோம். ஏஜென்சி முதலாளி ததோகோரோ என்ன செய்கிறார் என்று பாருங்கள். பாட்டில் காசு இல்லை என்று அவளை நாடகத்துக்குத் தள்ளுகிறார், நாடகத்தில் வசனம் போதாது என்று அந்தக் காட்சிக்குத் தள்ளுகிறார். யாரும் அவளை அடித்து இழுத்துக்கொண்டு போகவில்லை. "செய்கிறேன்" என்று அவள் வாயாலேயே சொல்ல வைக்கிறார்கள். வீட்டுக்கு வந்து மீன் தொட்டியில் மீன்கள் செத்துக் கிடப்பதைப் பார்த்த பிறகுதான் அவள் உடைந்து அழுகிறாள். படப்பிடிப்பில், ஒரு கட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் இடையில், அவளுக்கு மேல் கிடக்கிற நடிகர் மெல்ல மன்னிப்புக் கேட்கிறார், அவளும் மரியாதைக்குச் சிரிக்கிறாள். எல்லோரும் நல்ல மனிதர்கள்! அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவள் விலகிய பிறகு மிச்சமிருந்த இரண்டு பெண்களும் முதல் தடவையாகப் பாட்டுத் தரவரிசைக்குள் ஏறுகிறார்கள் என்பதையும் மறக்காதீர்கள், அவளுடைய இடம் நிரப்பக்கூட வேண்டியிருக்கவில்லை.

எதிர்ப்பு என்னவென்றால், சுரண்டலைப் பற்றிப் படம் எடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு கமராவும் அதே இடத்தில்தான் போய் நிற்கிறது. அந்தக் காட்சி தேவைக்கு மேல் நீளம். கோன் தெரிந்துதான் செய்தார், பார்க்கிறவனையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார் என்று வாதிடலாம், வாதிடுகிறார்கள். எனக்கு முழுதாக ஒப்பவில்லை. ஆகவே வடலி, போடுவதென்றால் முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் போடுங்கள், திடீரென்று யாருடைய தலையிலும் இறக்காதீர்கள்.

ரயில்வே_லைன்:

வடலி அக்கா, உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். ஊதிப் பெருப்பித்ததா என்று கேட்டீர்கள். இல்லை. சில இடங்களில் நிஜம் படத்தைத் தாண்டிப் போயிருக்கிறது.

அங்கே ஐடல் தொழிலில் விற்பது பாட்டு இல்லை, நெருக்கம். ஏகேபி48 என்ற குழு 2005 டிசம்பரில் அகிஹபாராவில் தொடங்கியது, "நீங்கள் சந்திக்கக்கூடிய ஐடல்" என்பதுதான் அவர்களின் சரக்கு. சீடி வாங்கினால் கைகுலுக்க ரிக்கெற், 2018 வரை, சீடி வாங்கினால் அடுத்த பாட்டில் யார் முன்னுக்கு நிற்பது என்று தீர்மானிக்கிற வாக்குச் சீட்டும் இருந்தது. ஒரே சீடியைப் பெட்டி பெட்டியாக வாங்கினவர்கள் இருக்கிறார்கள். தேர்த் திருவிழாவில் வடம் பிடித்த ஒவ்வொருவனுக்கும் தன் கைதான் தேரை நகர்த்தியது என்று தோன்றும் பாருங்கள், அந்த உணர்ச்சியைக் காசுக்கு விற்கிறார்கள். அப்படி வாங்கினவனுக்கு அவள் மேல் உரிமை இருக்கிறது என்று தோன்றாமல் வேறு என்ன தோன்றும்? அந்தப் பிள்ளைகளுக்குக் காதலிக்கவும் தடை. 2013இல் ஏகேபி48 பெண் ஒருத்தி ஒரு பையனின் வீட்டிலிருந்து வந்ததைப் பத்திரிகை போட, தலையை மொட்டையடித்துக்கொண்டு யூரியூப்பில் அழுது மன்னிப்புக் கேட்டாள். அதற்கு அடுத்த வருடம், 2014 மே மாதம், இவாத்தே மாகாணத்தில் கைகுலுக்கும் நிகழ்ச்சிக்கு ஒருவன் வாளோடு வந்து இரண்டு பெண்களை வெட்டினான். கைவாள், மரம் அறுக்கிறது.

இதுவும் கேளுங்கள். நிகாத்தாவில் இருக்கிற சகோதரக் குழுவில் ஒரு பெண்ணை 2018 டிசம்பரில் அவளுடைய வீட்டு வாசலிலேயே இருவர் தாக்கினார்கள். அடுத்த மாதம் மேடையில் நின்று "தொந்தரவு கொடுத்ததற்கு" மன்னிப்புக் கேட்டது யார் தெரியுமா? அவள்தான். தாக்கப்பட்டவள். 2019இல் இன்னொருவன், ஐடல் ஒருத்தி போட்ட செல்பியில் அவளுடைய கண்மணிக்குள் தெரிந்த ரயில் நிலையத்தை வைத்து, கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் தேடி இடத்தைப் பிடித்து, அங்கே காத்திருந்து பின்னால் போய்த் தாக்கினான். கோன் இதைப் படத்தில் வைத்திருந்தால் லொஜிக் இல்லை என்று சொல்லியிருப்போம்.

சட்டமெல்லாம் பின்னால்தான் ஓடிவந்தது. பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதற்கு எதிரான சட்டம் அங்கே 2000இல்தான் வந்தது, படம் வந்து மூன்று வருடம் கழித்து. சமூக ஊடகத்தில் விடாமல் செய்தி அனுப்புவதை அதற்குள் சேர்த்தது 2016 டிசம்பரில். அதே வருடம் மே மாதம் டோக்கியோவில் ஒரு இளம் பாடகியைப் பல தடவை கத்தியால் குத்தினான் ஒருவன், இணையத்தில் விடாமல் எழுதிக்கொண்டிருந்தவன், அவள் முன்னமே பொலிஸில் சொல்லியும் இருந்தாள். அவள் உயிர் தப்பினாள்.

இதற்கு அடுத்து பார்க்க வேண்டியது ஒஷி நோ கோ. 2023 ஏப்ரலில் வந்த தொடர், முதல் எபிசோடே ஒன்றரை மணித்தியாலம். ஐ என்ற ஐடல், டோக்கியோ டோம் என்ற பெரிய அரங்கில் பாட வேண்டிய நாளில், பூங்கொத்தோடு வாசலுக்கு வந்த ரசிகனால் குத்தப்படுகிறாள். கதவைத் திறந்த அந்த ஒரு வினாடி! பிறகு வருகிற ரியாலிட்டி ஷோ பகுதி இன்னும் கனம். அகானே என்ற நடிகை கமரா முன்னால் கூட நடிக்கிறவளின் முகத்தைத் தற்செயலாகக் கீறிவிடுகிறாள், எடிட்டிங்கில் அவளை வில்லியாக்குகிறார்கள், இணையம் முழுக்க ஏச்சு, கடைசியில் பாலத்தில் ஏறி நிற்கிறாள். இதைப் பார்த்த எல்லோருக்கும் 2020 மே மாதம் இறந்துபோன மல்யுத்த வீராங்கனை ஹனா கிமுரா நினைவுக்கு வந்தார். ரியாலிட்டி ஷோ ஒன்றில் ஒரு காட்சிக்காக அவருக்கும் அப்படித்தான் ஏச்சு விழுந்தது. அதற்குப் பிறகு 2022இல் ஜப்பானில் அவமதிப்புக் குற்றத்துக்குத் தண்டனையைக் கூட்டினார்கள், ஒரு வருடம் வரை சிறை, அல்லது 3 இலட்சம் யென் வரை தண்டம்.

கறிவேப்பிலை:

ரயில்வே, உன்னுடைய பதிவை வாசித்துவிட்டு என் செல்பி எல்லாவற்றையும் பெரிதாக்கிக் கண்ணுக்குள் என்ன தெரிகிறது என்று பார்த்தேன். மிக்சர் தட்டு மட்டும்தான்.

இணுவில்_ராகம்:

இந்தத் திரியை இரண்டு நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் அனிமே பார்க்கிற ஆள் இல்லை. பண்ணைப்பாலம் எழுதியதை வாசித்துவிட்டு நேற்றுத்தான் இந்தப் படத்தைப் பார்த்தேன், அதனால் புதுப் பார்வையாளராகச் சொல்கிறேன்.

எல்லோரும் ஜப்பானைக் கதைக்கிறீர்கள். நான் இங்கே திருவிழாக் காலத்தில் இசைக்குழுவில் பாடுகிறவள். ஐடல் கிடல் எல்லாம் இல்லை, ஆவணி மாதம் வந்தால் ஊர் ஊராக மேடை, அவ்வளவுதான். சில வருடத்துக்கு முதல் முகநூலில் என் பெயரில் ஒரு பக்கம் வந்தது. என்னுடைய படம், நாளைக்கு எந்தக் கோயிலில் பாடுகிறேன், எத்தனை மணிக்கு மேடை, என்ன நிறச் சேலை. நான் போடவில்லை. எல்லாம் சரியாகவும் இருந்தது! தொண்டை சரியில்லை என்று நான் வானுக்குள் இருந்து சொன்னது இரவே அங்கே வந்துவிட்டது, கீழே இஞ்சி குடியுங்கோ, மிளகு குடியுங்கோ என்று சனம். சனம் என்னிடம் நேரில் வந்து "நேற்று நீங்கள் போட்டதுக்கு நான் கொமன்ட் போட்டேன், பதிலும் தந்தீங்கள்" என்று சந்தோஷமாகச் சொல்லும்போது நான் என்ன சொல்கிறது? நான் இல்லை என்று சொன்னால் முகம் வாடிப்போகும். அந்தப் பக்கத்து நான் எல்லோருக்கும் அன்பாகப் பதில் எழுதுகிறவள், நான் மேடை முடிந்தால் ஒருவரோடும் கதைக்காமல் வானில் ஏறி நித்திரை கொள்கிறவள். கொஞ்ச நாளில் "இப்ப தலைக்கனம் வந்திட்டுது" என்ற கதை தொடங்கியது. அந்தப் பக்கத்து ஆளுக்கு இல்லை, எனக்கு.

யார் செய்தது என்று கண்டுபிடித்தோம். குழுவிலேயே ஒருவர். பெயர் வேண்டாம். கோபமாகக் கேட்டபோது அவர் அதிர்ந்துபோய் "உங்களை உயர்த்தத்தானே செய்தேன், நீங்கள்தான் ஒன்றும் போடுகிறதில்லையே" என்றார். பொய் சொல்லவில்லை அவர். அதுதான் ருமியைப் பார்த்தபோது எனக்கு வேறு மாதிரி இருந்தது. அவள் ஒருகாலத்தில் பாடகியாக இருந்தவள். மிமா அந்தக் காட்சியில் நடிக்கும்போது அழுதுகொண்டு வெளியே போகிறவள் அவள் ஒருத்திதான். மிமா மேல் எல்லோரையும்விட அக்கறை அவளுக்குத்தான், ஆனால் அந்த அக்கறை பழைய மிமா மேல், உயிரோடு முன்னால் நிற்கிற மிமா மேல் இல்லை. கூட்டத்தில் ஒருவன் தன் உள்ளங்கையை நீட்டி, தூரத்தில் ஆடுகிற மிமா அந்தக் கையில் நின்று ஆடுகிற மாதிரிப் பார்க்கிற காட்சி தொடக்கத்தில் வருகிறது. நான் மேடையிலிருந்து அப்படிக் கைகள் நிறையப் பார்த்திருக்கிறேன், இப்போது கைக்குள் போன் இருக்கிறது.

இந்தியத் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்கு நம் பிள்ளைகள் போன நேரம் இங்கே சந்திக்குச் சந்தி பனர் கட்டினோம். நல்ல விஷயம்தான், நானும் வாக்குப் போட்டேன். ஆனால் அந்தப் பிள்ளைகள் என்ன உடுத்தினார்கள், யாரோடு நின்று படம் எடுத்தார்கள், எந்தக் கட்சிக்காரனின் மேடையில் ஏறினார்கள் என்று அதே சனம் பிறகு கதைத்ததையும் கேட்டேன். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள்.

நிலாவரை:

ராகம் அக்கா, நீங்கள் எழுதியதை வாசித்த பிறகு ருமியை நான் இன்னொரு தடவை பார்க்க வேண்டும் போலிருக்கிறது. ஒரு கேள்வி, விருப்பமென்றால் மட்டும் சொல்லுங்கள்: அந்தப் பக்கம் இப்போதும் இருக்கிறதா?

இணுவில்_ராகம்:

இருக்கிறது. அவர் மூடுகிறேன் என்றார், நான்தான் பாஸ்வேட்டை வாங்கிக்கொண்டேன். 14 ஆயிரம் பேர் இருக்கிறார்கள், மூட மனம் வரவில்லை. நிகழ்ச்சி விபரம் மட்டும் போடுகிறேன். ஏன் முந்தி மாதிரிப் பதில் எழுதுகிறீர்கள் இல்லை என்று இப்போதும் கேட்பார்கள்.

பண்ணைப்பாலம்:

தங்கச்சி ராகம், உங்களுக்கு ஒரு படம் சொல்லவேண்டும். 1995இல் வந்த மெமரீஸ் என்ற தொகுப்பில் முதலாவது, மெக்னெட்டிக் ரோஸ். கோஜி மோரிமோட்டோ இயக்கியது, திரைக்கதை நம் கோன்தான், பெர்பெக்ட் புளூவுக்கு முன்னால். விண்வெளியில் குப்பை பொறுக்குகிறவர்கள் ஆபத்துச் சமிக்ஞை கேட்டு ஒரு பாழடைந்த நிலையத்துக்குள் போகிறார்கள். உள்ளே ஈவா என்ற ஓபரா பாடகியின் மாளிகை, அவள் செத்து எவ்வளவோ காலம். அவளுடைய புகழ்க் காலத்தை அந்த வீடு ஒளிப்படிமங்களாக ஓட்டிக்கொண்டே இருக்கிறது, வருகிறவர்களையும் அந்த நினைவுக்குள் இழுத்துப் பாத்திரமாக்கிவிடுகிறது. புச்சினியின் மெடாம் பட்டர்பிளை ஓபரா அதில் வருகிறது, யோகோ கன்னோவின் இசையும். உங்கள் காதுக்கு அது பிடிக்கும். புகழ் போன பிறகு மிஞ்சுகிறவளின் கதை அது, மிமாவின் கதைக்கு மறுபக்கம்.

மிலேனியம் அக்ட்ரஸ் (2001) இன்னும் மென்மை. முப்பது வருடமாக வெளியே வராத நடிகையைத் தேடி ஒரு ரசிகர் நேர்காணலுக்குப் போகிறார். ரசிகனைக் கோன் கொஞ்சம் அன்போடு வரைந்தது அங்கேதான். அதே ஆள் 2004இல் பரனோயா ஏஜென்ட் என்று 13 எபிசோட் தொடர் செய்தார். அதில் மரோமி என்ற நாய்ப் பொம்மையை வரைந்து பேர் பெற்றவளிடம் அடுத்தது எங்கே, அடுத்தது எங்கே என்று கம்பனி நெருக்க, அவளை ஒரு பையன் மட்டையால் அடித்ததாகச் செய்தி வருகிறது, அங்கிருந்து ஊர் முழுக்கப் பயம் பரவுகிறது. முகம் புகழ்பெற்றவளின் கதை பெர்பெக்ட் புளூ, கைவேலை புகழ்பெற்றவளின் கதை இது. கோன் 2010 ஓகஸ்டில் 46 வயதில் கணையப் புற்றுநோயில் போய்விட்டார். முழுநீளப் படம் நான்குதான்.

நிலாவரைக்கு ஒரு வார்த்தை. கமரா போய் நிற்கிற இடம் பற்றி நீர் சொன்னது நியாயம். ஆனால் படத்தின் கடைசியை விட்டுவிட்டீர். லொறி வெளிச்சத்தை மேடை வெளிச்சம் என்று நினைத்து ருமி வீதி நடுவில் கை விரித்து நிற்கும்போது, தன்னைக் கொல்ல வந்தவளை மிமா தள்ளிக் காப்பாற்றுகிறாள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகிறாள், தாதிமார் அவளைக் கண்டு அது அவளாக இருக்காது என்று குசுகுசுக்கிறார்கள், காருக்குள் ஏறி, பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்து "நான் நிஜம்" என்கிறாள். அந்தப் புன்னகையை நம்புவதா என்று இன்னமும் தகராறு நடக்கிறது, ஏனென்றால் படம் முழுக்கக் கண்ணாடியில்தான் போலி மிமா வந்து போனாள். எனக்கு அது நல்ல முடிவுதான். நடிகையாகவே இருக்கிறாள், தொழிலை விட்டு ஓடவில்லை.

நிலாவரை:

கண்ணாடியில் சொல்கிறாளே அண்ணை, நேரே எங்களைப் பார்த்துச் சொன்னால் நம்புவேன். இதை ஞாயிற்றுக்கிழமை நேரில் பிடிப்போம்.

வடலி:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. முடிவு இப்படி: இந்த மாதம் மிலேனியம் அக்ட்ரஸ், அதற்குத் தலைவர் ஐயாவும் பேரப்பிள்ளையும் தாராளமாக வரலாம். அடுத்த மாதம் பெர்பெக்ட் புளூ. 18க்கு மேல் என்று நோட்டீசில் பெரிதாகப் போடுகிறேன், என்ன மாதிரிக் காட்சி இருக்கிறது என்று படம் தொடங்கமுன் நானே எழும்பிச் சொல்கிறேன், வெளியே போக விரும்புகிறவர்கள் போகலாம், கீழே தேத்தண்ணி இருக்கும். ரயில்வே, நீ அந்தச் சட்டம், கைகுலுக்கல் ரிக்கெற் விஷயத்தைப் பத்து நிமிடம் கதைக்க வேண்டும், இங்கே 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் கொஞ்சம் பார்த்துக்கொண்டு வா, கட்டாயம் யாராவது கேட்பார்கள்.

ராகம் அக்கா, நீங்கள் வந்து இங்கே எழுதியதைச் சொன்னால் எவ்வளவு நல்லது. வர ஏலுமா?

இணுவில்_ராகம்:

அடுத்த மாதக் கடைசி ஞாயிறு இரவு ஒரு கோயிலில் நிகழ்ச்சி இருக்கிறது. மூன்று மணிக்குத் தொடங்கி ஆறுக்குள் விட்டால் வருகிறேன். நோட்டீசில் என் பெயரைப் போடவேண்டாம். ஒருவரும் லைவ் போடவும் கூடாது, கறிவேப்பிலைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கறிவேப்பிலை:

என்னுடைய போனில் டேட்டாவே இல்லை அக்கா. வாசலில் போன் வாங்கி வைக்கிற வேலையை எனக்குத் தாருங்கள்.

வடலி:

சரி அக்கா, மூன்று மணி. கறிவேப்பிலை, வேலை உனக்குத்தான். ஒரு பெட்டியும் கொண்டு வா.